புதுப்பிப்பு: ஸ்பிரே கன்னில் தண்ணீர் துப்புவது நின்றது

ஏர் கம்ப்ரசர் டேங்க் வாயிலேயே வாட்டர் செபரேட்டர் (காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் கருவி) மாட்டியும் பெயிண்டில் தண்ணீர் விழுகிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் சூடு. செபரேட்டர் துளியைத்தான் பிடிக்கும்; சூடான காற்றிலுள்ள ஈரம் ஆவியாகவே அதைக் கடந்து, ஹோஸில் ஆறியபின் நீராகிறது.

அதனால் செபரேட்டருக்கு முன்பே காற்று ஆறட்டும் என்று, இப்போது டேங்குக்கும் செபரேட்டருக்கும் இடையே சுமார் 10 மீட்டர் செம்புக் குழாய், சுவரில் மேலும் கீழுமாக மடித்து. ஒவ்வொரு கீழ் வளைவிலும் தேங்கும் நீரை வெளியேற்ற ட்ரெயின் வால்வு. கிளை லைனைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும், அடியில் எடுத்தால் தேங்கிய நீர் நேரே கன்னுக்குப் போகும். பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம், அழுத்தத்தில் சில்லுசில்லாக வெடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் வைப்பதென்றால் செபரேட்டருக்குப் பிறகுதான். துளி நீர் பட்டால் சீக்கிரமே ஊறிப்போகும். டேங்க் ட்ரெயினைத் தினமும் திறந்துவிடுங்கள்.