கொரங்காட்டில் பார்த்தது, இன்னும் மனசில் நிற்பது – நீங்களும் சொல்லுங்கள்

மயிலைக்காளை
காங்கயம் பக்கம் கொரங்காடு, அதாவது மாடு மேய வேலியடைத்த புல்காடு, வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கிழக்கே இருந்த பங்காளி காடு கைமாறியது. வாங்கியவர் பிளாட் போடுகிறாரா, சோலார் வைக்கிறாரா தெரியவில்லை. முதல் வேலையாகப் பொதுவேலியை ஜேசிபி விட்டு வாரிவிட்டார். அப்பாரு காலத்து முள்கிளுவை, முள்செடியாலான உயிர்வேலி, ஆட்டுக்குட்டி தலை நுழைக்க முடியாத அடர்த்தி. ஒடிந்த தண்டின் பிசின் வாசம் கட்டுத்தரை வரைக்கும் வந்தது. கம்பிவேலி போட்டுத் தருகிறேன் என்றார், சரி.

அன்றைக்குச் சாயங்காலம் மாடுகள் மேய்ந்துகொண்டே கிழக்கே போயின. குறுக்கே ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கிறது, மேய ஆளில்லை. முன்னால் போன கிடாரி, வேலி இருந்த கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பின்னால் வந்தவையும் நின்றன. கொஞ்ச நேரம் அந்தப் புல்லையே பார்த்துவிட்டு இந்தப் பக்கமே திரும்பி, மொட்டையாக மேய்ந்த தூரை மறுபடி கடித்தன. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

குண்டடத்தான்
சிரிக்க ஒன்றுமில்லைங்க, மாட்டுக்கு எல்லாம் தெரியும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதே, அடுத்து வந்த சித்திரையில் எங்கள் காட்டில் சரளைக்கல்தான் மிச்சம். வைக்கோல் விலை கேட்கவே பயம். வெள்வேல் மரங்களில் மட்டும் காய் பழுத்திருந்தது. தொரட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கிளையில் மாட்டினேன், கொக்கி மரத்தில் பட்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். காட்டின் மறுகோடியில் படுத்திருந்த காரிப் பசு, நான்கு நாளாக எழுப்பினால்தான் எழுந்தது, அது ஓடி வந்தது. நடந்து இல்லை, ஓடி. காய் கீழே விழுவதற்கு முன்பே நாக்கை நீட்டிக்கொண்டு என் காலுக்குப் பக்கத்தில் நின்றது. அந்த வருடம் மாட்டை விற்காமல் இருந்ததற்கு அந்த மரங்களும் ஒரு காரணம். இப்போது அதே மரங்களைச் செங்கல் சூளைக்கு விலை பேச வருகிறார்கள்.

சரளைமண்
மயிலைக்காளை அண்ணா, வாங்கினவர் வேலியைப் பிடுங்கினார் என்று வருத்தப்படுகிறீர்கள். நியாயம். ஆனால் வேலி இருக்கிற காடெல்லாம் நன்றாகவா இருக்கிறது? வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகிற வழியில் பாருங்கள், கிளுவை பச்சையாக நிற்கும், உள்ளே முக்கால்வாசி சீமைக்கருவேலம். அதை எவரும் ஜேசிபியில் கொண்டுவந்து வைக்கவில்லை. நம் மாடுதான் கொண்டுவந்தது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் காய்ந்த சாணி வறட்டி ஒன்றைக் காலால் புரட்டினேன். அடியில் கொத்தாக நாற்று முளைத்திருக்கிறது. வெள்வேல் காயும் தின்கிறது, ரோட்டோரம் சீமைக்கருவேலங்காயும் தின்கிறது, இரண்டு விதையும் வயிற்றில் ஊறி ஒரே சாணியில் வெளியே வருகிறது. குனிந்து உட்கார்ந்து எதைப் பிடுங்க, எதை விட என்று பார்க்கிறேன், அந்த வயசில் இரண்டும் ஒரே மாதிரி. பக்கத்துக்காட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். “எல்லாத்தையும் புடுங்கு, பொறவு வர்றதப் பாத்துக்கலாம்” என்று போய்விட்டார். நான் பிடுங்கவில்லை. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டும் நிற்கிறது.

பழைய மேய்ச்சல்காரன்
எனக்குப் பெரிய கதை எதுவும் இல்லை. பாழான காடு ஒன்று திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவே. ஆனால் மேலே எழுதியதைப் படித்தால் சில விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரளைமண் தம்பி, சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். ஈரம் இருக்கும்போது வேரோடு தோண்ட வேண்டும். காய் பழுக்கிற காலத்தில் மாட்டை ரோட்டோரம் ஓட்டாதீர்கள். புல் குறைந்துபோன காட்டைச் சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பது நம் ஊர் வழக்கம். களை அடங்கும், அடுத்த மழைக்குக் கொழுக்கட்டை தானாக எழும்பும். மழையில்லாமல் வாடிக் குட்டையாக நிற்கிற இளஞ்சோளத்தில் மட்டும் மாட்டை விட்டுவிடாதீர்கள், விஷம், நின்ற இடத்தில் விழும். புல்விதை வாங்கித் தூவுவதாக இருந்தால் புது விதை வேண்டாம், ஆறு மாதமாவது கிடக்கட்டும். பஞ்சு மாதிரி காற்றில் பறக்கும், ஈரமணலில் கலந்து தூவுங்கள், ஆழமாக மூடக்கூடாது. முளைத்த முதல் வருடம் மேய விடாதீர்கள், விதை கொட்டட்டும். வெள்வேலை நெருக்கமாக விடாதீர்கள், நிழல் அதிகமானால் கீழே புல் மெலியும். நரிப்பயறு, செப்புநெருஞ்சி இருந்தால் களை என்று பிடுங்காதீர்கள், அதைத்தான் மாடு தேடித் தின்னும். அப்புறம் ஒன்று. நாலு காடு இருந்தால் நாலிலும் ஒரே நேரத்தில் மாட்டை விட்டுவிட்டு “புல் இல்லை” என்று சொல்வது நியாயமே இல்லை. ஒன்று மேயும்போது மற்றது ஓயட்டும். நம் முன்னோர் காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டதே அதற்குத்தான்.

தாராபுரம் மருமகள்
ஐயா, உழுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் காட்டை மாமனார் உழ டிராக்டர் விட்டபோது நானும் போயிருந்தேன். ஒரு கொழுக்கட்டைத் தூருக்கு அடியிலிருந்து கவுதாரி ஒன்று சடாரென்று எழும்பியது. எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. பார்த்தால் முட்டைகள். டிரைவர் பையன் கலப்பையைத் தூக்கி அந்தத் தூரைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனான். மாமனார் கத்துகிறார், “எதுக்குடா அந்தத் துண்ட உட்ட?” அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோளம் வந்த பிறகும் நடுவில் அந்தத் திட்டு மட்டும் புல்லாக நின்றது. கவுதாரி திரும்பி வந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை, மாமனார் என்ன சொல்வாரோ என்று.

பழைய மேய்ச்சல்காரன்
அம்மிணி, எல்லாக் காட்டையும் உழச் சொல்லவில்லை. புல் நன்றாக இருக்கிற காட்டில் ஏர் வைக்கவே கூடாது. கெட்டுப்போனதை மட்டும்தான் சொன்னேன்.

சரளைமண்
கெட்டுப்போனதா இல்லையா என்று யார் சொல்வது? உங்களுக்குக் கெட்ட காடு, கவுதாரிக்கு நல்ல காடு. 😄

மயிலைக்காளை
நீங்கள் சண்டை போடுங்கள். எனக்கு முள்கிளுவைப் போத்து, நடுவதற்கு வெட்டிய கிளை, வேண்டும், நல்ல கனத்தில். மூலனூர், கன்னிவாடிப் பக்கம் யாராவது வேலி வெட்டிவிடுவதாக இருந்தால் சொல்லுங்கள், டெம்போ அனுப்புகிறேன். கம்பிவேலிக்கு உள்பக்கமாகவே நடப்போகிறேன், அவர் என்ன சொன்னாலும் சரி.