லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்: ஒழுங்கு உடைவது எந்தக் காட்சியில்?

வில்லியம் கோல்டிங்கின் 1954 நாவலைப் பற்றி வரும் சனிக்கிழமை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசுகிறேன். தீவில் மாட்டிக்கொண்ட பையன்களிடையே ஒழுங்கு உடையும் இடமாக ஒரே ஒரு காட்சியைத்தான் எடுக்க முடியும். அதில்தான் சிக்கல்.

முதலில் சைமன் என்ற பையனின் சாவை யோசித்தேன். ஆனால் அது 9ஆம் அத்தியாயம். அதற்குள் வேட்டைக்காரப் பையன்களின் தலைவன் ஜாக் தனிக் கும்பலே சேர்த்துவிட்டான். பிக்கி என்ற பையன் சாவதும், கூட்டத்தில் பேசும் உரிமைக்கு அடையாளமான சங்கு நொறுங்குவதும் 11இல், ரொம்பத் தாமதம். பீட்டர் ப்ரூக்கின் 1963 படத்தையும் பார்த்தேன், தெளிவு வரவில்லை.

இப்போதைக்கு என் தேர்வு 4ஆம் அத்தியாயம். கப்பல் கண்ணில் படுவதற்காக மூட்டிய தீக்குக் காவல் நின்றவர்களையும் ஜாக் வேட்டைக்குக் கூட்டிப்போக, தீ அணைகிறது. கப்பல் கடந்து போகிறது. ஜாக் அடித்ததில் பிக்கியின் கண்ணாடியில் ஒரு பக்கம் உடைகிறது. தீக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறான், கண்ணாடிக்கு இல்லை. தண்டனையும் கிடையாது. அப்புறம் பையன்கள் தேர்ந்தெடுத்த தலைவன் ரால்ஃப் உட்பட எல்லோரும் அதே பன்றிக்கறியைத் தின்கிறார்கள்!

நண்பர் ஒருவரோ 2ஆம் அத்தியாயம்தான் என்கிறார். முகத்தில் மச்சமுள்ள சிறுவன் காட்டுத்தீக்குப் பின் காணவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்கவே இல்லை. இதையும் தள்ள முடியவில்லை.

படித்தவர்கள் சொல்லுங்கள்: 2ஆம் அத்தியாயமா, 4ஆம் அத்தியாயமா, எந்த வரியை வைத்து?