மறுமொழி: ‘ஸ்விட்ச் காஸ்ட்’ – தமிழில் எது?

வணக்கம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நேரும் தாமதத்தையும் பிழையையும் உளவியலில் ‘ஸ்விட்ச் காஸ்ட்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியது:

> பணிமாற்றச் செலவு என்றே வைத்துவிடலாமே, நேரடியாகப் புரிகிறது.

புரிகிறது ஐயா, வேறு பொருளில். அரசு ஊழியர் காதில் இது தஞ்சாவூரிலிருந்து தருமபுரிக்கு மாற்றலாகிப் போகிறவரின் பயணப்படியாகத்தான் விழும். இதே இழையில் ஓர் அம்மையார் முன்வைத்த ‘தாவல் இழப்பு’க்கும் அதே கதி, உலாவியின் ‘டேப்’பைத் தாவல் என்று எழுதிப் பலர் பழகிவிட்டார்கள்.

‘நேர இழப்பு’ என்றாலும் போதாது, பிழை அதில் அடங்காது. 1995இல் உளவியலாளர்கள் ராபர்ட் ராஜர்ஸும் ஸ்டீபன் மான்செலும் திரையில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் சேர்த்துக் காட்டினார்கள். இரண்டு முறை எழுத்து உயிரா மெய்யா என்று பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு முறை எண் ஒற்றையா இரட்டையா என்று. எப்போது மாறும் என்பது முன்கூட்டியே தெரியும். ஆனாலும் வேலை மாறிய இடத்தில் பதில் தாமதமானது, பிழையும் கூடியது. தயாராவதற்கு அரை விநாடிக்கு மேல் அவகாசம் கொடுத்தபோது தாமதம் குறைந்ததே ஒழிய, அற்றுப்போகவில்லை.

நேரம், பிழை இரண்டையும் தாங்கும் சொல்லாக நான் பரிந்துரைப்பது ‘மாறுசெலவு’. ஊறுகாய், சுடுசோறு வரிசையில் ஒரு வினைத்தொகை. சங்க அகப்பாடல்களில் ‘செலவு’ என்றால் பயணம். ஒரு வேலையைவிட்டு இன்னொன்றுக்குப் போவதும் அதற்குக் கொடுக்கும் விலையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ‘மாறு’ என்றதும் துடைப்பம் நினைவுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

அவகாசம் கொடுத்தும் நீங்காத பகுதியை ‘எஞ்சிய மாறுசெலவு’ எனலாம். ‘எச்சம்’ இங்கே வேண்டாம். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதியது வேறு சங்கதி: பாதியில் விட்ட அறிக்கை, அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது. அதற்குத்தான் ‘கவன எச்சம்’ தேவை. முற்றுக்குக் காத்திருக்கும் வினையெச்சத்தை அறிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பறவை எச்சத்தையும் யாரேனும் இழுத்துவருவார்கள், வரட்டும்.

‘கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்’ கணினிக்காரர்களின் சொல். செயலி ஒரு நிரலின் நிலையைச் சேமித்துவிட்டு இன்னொன்றின் நிலையை ஏற்றுவது அது. அதன் தமிழான ‘சூழல் மாற்றம்’ அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. இருமொழியாளர்களை எண்களின் பெயரை மாறிமாறி இரு மொழிகளிலும் சொல்லவைத்தபோது, நன்கு பழகிய முதல்மொழிக்குத் திரும்பும்போதுதான் தாமதம் அதிகம் என்று ஆய்வாளர்கள் மியூட்டரும் ஆல்போர்ட்டும் 1999இல் காட்டினார்கள். எளிய பக்கத்துக்குப் போவதற்கே கூடுதல் செலவு! இந்தச் சமனின்மைக்குச் சுருக்கமான சொல் இருந்தால் அனுப்புங்கள். ‘ஏற்றத்தாழ்வு’ மட்டும் வேண்டாம். அதைச் சமூகவியலார் விட்டுத்தர மாட்டார்கள்.