பரிசோதனைகள் எல்லாம் சரி. அக்காவின் சோர்வுக்கு என்ன பெயர்?

கேள்வி (பாம்பன்):
கடலில் பாசி எடுத்துப் பிழைக்கும் என் அக்காவுக்குச் சிக்குன்குனியா வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. காய்ச்சலும் மூட்டுவலியும் தணிந்துவிட்டன. ஆனால் ஒரு நாள் கடலில் இறங்கினால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழ முடியாமல் படுத்துவிடுகிறார். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீர்வதில்லை. இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எதுவும் இல்லை. ஒரு மருத்துவர் நாள்பட்ட சோர்வு நோய் என்கிறார், இன்னொருவர் மனச்சோர்வு என்கிறார். இதை உறுதிசெய்யும் பரிசோதனை உண்டா?

மறுமொழி (இராமநாதபுரம், பொது மருத்துவர்):
அப்படியொரு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதைக் கேட்டும், பிற நோய்களை விலக்கியுமே முடிவுசெய்கிறோம். வரையறைகளும் பல. 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபுக்குடா வரையறை, ஆறு மாதச் சோர்வுடன் எட்டு அறிகுறிகளில் நான்கு இருந்தால் போதும் என்றது. உழைத்தபின் உடல் சரிவது அந்த எட்டில் ஒன்றாக மட்டுமே இருந்ததால், அது அறவே இல்லாதவர்களும் இந்நோயாளிகளாகக் கணக்கில் சேர்ந்தார்கள். 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் அறிக்கை அந்தச் சரிவைக் கட்டாய அறிகுறியாக்கியது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையை முடக்கும் சோர்வும், தூங்கியும் தீராத அசதியும், இவற்றுடன் நினைவுத் தடுமாற்றமோ நிற்கும்போது கூடும் தலைச்சுற்றலோ இருக்க வேண்டும் என்றது. ஆகவே, எவ்வளவு சோர்வு என்று கேட்பதைவிட, வேலைக்குப்பின் எப்போது சரிகிறார், தேற எத்தனை நாளாகிறது என்று கேட்பதே பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (தொண்டி):
பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம், தம்பி. காசநோய், பி12 குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டழற்சி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மனச்சோர்வில் பெரும்பாலும் எதிலும் நாட்டமே குறைந்துவிடும். உங்கள் அக்காவுக்குக் கடலுக்குப் போகும் ஆசை இருந்தும் உடல் இடங்கொடுக்கவில்லையா என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

மறுமொழி (கீழக்கரை):
என் மனைவிக்கு நாள்பட்ட சோர்வு நோய் இருக்கிறது. மருத்துவர் எங்களை நம்பியது நாட்குறிப்பைப் பார்த்த பிறகுதான். நீரில் மூழ்கிப் பாசி எடுத்த நாள், கரையில் உலர்த்திய நாள், வீட்டிலிருந்த நாள் என்று பிரித்து, அடுத்து வரும் நாட்களின் நிலையையும் எழுதிவாருங்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளுமுன் கேள்வி கேளுங்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இலேயே அந்தச் சிகிச்சையைக் கைவிடச் சொல்லிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஆசைக்குக் குறைவில்லை, வற்று நேரம் பார்த்து இன்றும் கிளம்பத்தான் நின்றார். காசநோய்ப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை, இந்த வாரமே அழைத்துச் செல்கிறேன்.