ட்ரோல் பண்றதும் கருத்துச் சுதந்திரமா?

மழைக்குருவி:
ரொம்ப நாளா மண்டையக் குடையுற கேள்வி. நேர்ல அதிர்ந்துகூட பேசாத ஆளுங்க ஆன்லைன் வந்தா மட்டும் ஏன் இப்டி ஆகிடுறாங்க? எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி தான் வரைஞ்ச படத்த போட்டா, முதல் கமெண்டே "இத வரைய கை எதுக்கு, கால் போதுமே". அதுக்கு லைக் போடவே ஒரு கூட்டம் வந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள படத்த விட்டுட்டு அவ மூஞ்சி, அவ அம்மான்னு போய்ட்டாங்க, அவ அக்கவுண்டயே டெலீட் பண்ணிட்டா. இப்டி ட்ரோல் பண்றவங்கள கேட்டா "என் கருத்து, என் சுதந்திரம்"ங்கறானுங்க. எல்லாரும் சொந்தப் பேர்லதான் எழுதணும்னு சட்டம் வந்தா இதெல்லாம் நிக்குமா?

அரைத்தூக்கம்:
ஜான் சூலர்னு ஒரு உளவியலாளர் 2004லயே இதப் பத்தி எழுதிட்டாரு. யாருன்னு தெரியாது, எதிராளி மூஞ்சி தெரியாது, பதில் உடனே வராது, தட்டிக் கேக்க ஆளில்ல, இதெல்லாம் சேந்தா கூச்சம் விட்டுப்போகுதுன்னாரு. 2014ல கனடாவுல ஒரு ஆய்வு, ட்ரோல் பண்றத ரசிச்சு பண்றவங்ககிட்ட அடுத்தவன் வலில சுகம் காணுற குணம் தூக்கலா இருந்துச்சாம். ஆனா நம்மள மாதிரி ஆளும் தப்பிக்க முடியாது. 2017ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு சோதனை பண்ணாங்க, முதல்ல கஷ்டமான டெஸ்ட் குடுத்து மூட கெடுத்து, மேல ஏற்கனவே சில ட்ரோல் கமெண்ட் இருக்கற மாதிரி காட்டினா, ட்ரோல் பதிவு 35 சதவீதத்துல இருந்து 68க்கு ஏறிடுச்சு. உங்க கதைல அந்த முதல் கமெண்ட்தான் வில்லன்.

நேர்பட_பேசு:
முழுசா ஒத்துக்க மாட்டேன். அமெரிக்கா, டென்மார்க் ரெண்டு நாட்டுலயும் அரசியல் விவாதங்கள வச்சு பண்ண ஆய்வு இருக்கு, ஆன்லைன்ல கடிக்கிறவன் நேர்லயும் கடிக்கிறவன்தான்னு வந்துச்சு. என்ன, நேர்ல அவன் சத்தம் நாலு பேருக்குதான் கேக்கும், இங்க நாலாயிரம் பேருக்கு. "நல்லவன்தான் பாவம், இன்டர்நெட் கெடுத்துருச்சு"ன்னு சொல்லி அவனுக்கு வக்காலத்து வாங்காதீங்க.

கொரியா_பாத்தவன்:
சொந்தப் பேர் மேட்டர் தென் கொரியாவுல 2007லயே பெரிய தளங்களுக்குக் கொண்டுவந்தாங்க. அடையாளத்த சரிபாத்துட்டுதான் கமெண்டே போட முடியும். 2011ல ஒரு பெரிய ஹேக்ல சுமார் 3.5 கோடி பேரோட விவரம் வெளிய போச்சு, 2012ல அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தயே ரத்து பண்ணிடுச்சு. பேரு மறைச்சு எழுதறவன்ல பாதிப் பேரு முதலாளிக்கோ வீட்டுக்கோ பயந்தவன், இந்த மாதிரி சட்டம் அவன் வாயதான் முதல்ல மூடும். சொந்த ஃபோட்டோ வச்சிக்கிட்டே அசிங்கமா பேசுறவன் தினம் பாக்குறோமே!

பழைய_மாடரேட்டர்:
பேச்சுச் சுதந்திரத்துக்கு எல்லைன்னு பேசும்போது எல்லாரும் இங்கிலாந்து தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்ன உதாரணத்த எடுப்பாங்க, 1859ல எழுதினது. தானிய வியாபாரிங்க ஏழைங்க வயித்துல அடிக்கிறாங்கன்னு பத்திரிகைல எழுதலாம், அதையே வியாபாரி வீட்டு வாசல்ல கொதிச்சு நிக்கற கும்பல்கிட்ட சொன்னா தண்டிக்கலாம்னாரு. நல்ல கோடுதான், ஆனா ட்ரோலிங் இதுல சிக்காது. சட்டம் ஒரு வாக்கியத்த தூக்கிப் பாக்கும். "கால் போதுமே"ல என்ன குற்றம்? ஒண்ணுமில்ல. அதே மாதிரி முன்னூறு வந்து ஒருத்தி தலைல விழுறப்பதான் குற்றம், அந்த முன்னூறுல யார புடிப்பீங்க? சரின்னு சட்டத்த அகலமாக்கினா இன்னும் மோசம். இந்தியாவுல ஐடி சட்டத்தோட (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 66ஏ பிரிவு எரிச்சல் உண்டாக்குற மெசேஜ் அனுப்பறதயே குற்றமாக்கி வச்சிருந்துச்சு, யாருக்கு எது எரிச்சல்னு யாருக்குத் தெரியும், 2015ல உச்ச நீதிமன்றம் தூக்கிடுச்சு. அதனால கொலை மிரட்டல், அட்ரஸ் ஃபோன் நம்பர வெளிய விடறது, இதுக்கெல்லாம் போலீஸ். மத்தது மாடரேட்டர் வேல, அதாவது தளத்துல கமெண்ட கண்காணிக்கறவரோட வேல. கமெண்ட தூக்கினா ஜெயில்ல போட்ட மாதிரி குதிக்கறானுங்க, வேற எடத்துல போய் எழுதிக்கோயேன்! ஒரு தடவ மூணு ஐடி ஒண்ணுக்கொண்ணு சபாஷ் போட்டுக்கிட்டு இருந்துச்சு, மூணும் "கருத்து"ல ஒரே மாதிரி 'த்' விட்டு "கருது"ன்னு எழுதுது. ஒரே ஆள்.

மழைக்குருவி:
ஹாஹா 'கருது' சுதந்திரம். சரி, அந்தப் பொண்ணு திரும்ப வரலாமான்னு கேக்குறா, பதில் குடுக்கணுமா கண்டுக்காம விடணுமா?

பழைய_மாடரேட்டர்:
மொதல்ல ஸ்க்ரீன்ஷாட், அப்புறம் ரிப்போர்ட், அப்புறம் ப்ளாக், இந்த வரிசை மாறக்கூடாது. கொஞ்ச நாளைக்கு கமெண்ட ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் வச்சிக்கச் சொல்லுங்க. நீங்க ஒரு நாலு பேரு படத்தப் பத்தி உருப்படியா முதல் கமெண்ட் போடுங்க.