வாலி வெஸ்ட் ஏன் மெதுவாக ஓடினான்

‘செத்தவன் எப்படியும் திரும்பி வருவான்’ என்று சூப்பர்ஹீரோ காமிக்ஸை ஒதுக்கிவிடுகிறவர்களிடம் நான் மின்னல் வேகத்தில் ஓடும் நாயகனான ஃப்ளாஷின் கதையைத்தான் எடுத்துச் சொல்வேன்.

1985இல் வந்த ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ 8ஆம் இதழில் உலகைக் காக்க ஓடியே உயிரை விடுகிறார் அதுவரை ஃப்ளாஷாக இருந்த பாரி ஆலன். எஞ்சுவது வெற்று உடையும் மோதிரமும். அவருக்குத் துணையாக ஓடிய சீடன் வாலி வெஸ்ட் அந்தச் சிவப்பு உடையை அணிந்துகொள்கிறான். ஆனால் 1987இல் தொடங்கிய தொடரில் ஒலியின் வேகத்தை எட்டுவதே அவனுக்குப் பெரும்பாடு. பாரியோ ஒளிக்கு ஈடுகொடுத்தவர். கதாசிரியரின் வசதிக்காகக் குறைத்த வேகம் என்றுதான் அதைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

1993இல் கதாசிரியர் மார்க் வெய்ட் அந்த வேகக் குறைவையே கதையாக்கினார். பாரி திரும்பி வருகிறார், வாலி மகிழ்ந்துபோகிறான். வந்தவர் பாரி அல்ல, பாரியின் பரம எதிரி. அவனை வெல்லப் பழைய வேகம் வேண்டும். அப்போதுதான் வாலியைத் தடுத்துவந்தது எது என்று தெரிகிறது. பாரியைப் போலவே ஓடிவிட்டால் அவருடைய இடம் முழுமையாகத் தன்னுடையதாகிவிடுமே என்ற பயம் அது. வேறொரு கதாசிரியர் ஆறாண்டுகளுக்கு முன் போட்ட வரம்பு, துக்கத்தின் அடையாளமாக மாறிவிட்டது. உடனே பழைய இதழ்களை எடுத்து மறுபடி படித்தேன். அவன் மூச்சிரைத்து நிற்கும் கட்டங்களெல்லாம் வேறு பொருள் தந்தன. தேதிகளும் வயதுகளும் பொருந்துவதைத் தொடர்ச்சி என்று நான் எண்ணுவதில்லை. நடந்தது ஒருவனுக்குள் தங்கியிருக்க வேண்டும்.

அதனால்தான் டிசி நிறுவனம் தன் கதைகளைப் புதிதாகத் தொடங்கிய 2011 மறுதொடக்கம் எனக்கு அவ்வளவு வலித்தது. வாலி, அவன் மனைவி லிண்டாவோடு வாழ்ந்த வாழ்க்கை, பிள்ளைகள் எல்லாமே கதையிலிருந்து துடைக்கப்பட்டன. 2016இல் அவன் மீண்டபோது லிண்டாவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. கரைந்து மறையும் நேரத்தில் பாரிக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறான். பாரி சட்டென்று அவன் பெயரைச் சொல்லி இழுத்து அணைத்துக்கொள்கிறார். அந்தப் பக்கத்தில் நான் அழுதேன்.

*

நண்பரே, எனக்கு இதன் மறுபக்கம் வாய்த்தது. 1980இல் எக்ஸ்-மென் 137ஆம் இதழில் ஜீன் கிரே தன்னையே பலிகொடுக்கிறாள். ஒரு கிரகத்தையே அழித்தவளுக்கு வேறு முடிவு சரியாக இருந்திருக்காது. 1986இல் ‘அது ஜீனே அல்ல, அவள் வடிவெடுத்த சக்தி’ என்று விளக்கம் சொல்லி அவளை மீட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜீன் உயிரோடு இருப்பது தெரிந்ததும் அவளுடைய பழைய காதலன் ஸ்காட் தன் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுப் புறப்பட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அத்தனை ஆண்டுகள் பார்த்துப் பழகிய ஸ்காட் அப்படிச் செய்கிறவன் அல்ல.

நீங்கள் சொன்ன 1993 கதை எந்த இதழ்களில் இருக்கிறது?

*

1987 தொடரின் 73 முதல் 79 வரை. அதற்கு முன் வாலியின் தொடக்க இதழ்கள் சிலவற்றையாவது படித்துவிடுங்கள்.