பிளஸ் ஒன்: பள்ளிக்கூடமா, ஆன்லைனா?

கேள்வி – மதுரைக்காரர்
மகள் பத்தாவது முடித்துவிட்டாள். பிளஸ் ஒன் ஆன்லைனில்தான் படிப்பாளாம். நீட் எழுதும் எண்ணமும் உண்டு. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

சுண்ணக்கட்டி
'ஆன்லைன் பள்ளி' என்று விளம்பரம் செய்பவர்களிடம் முதலில் பொதுத்தேர்வு எந்த போர்டு என்று கேளுங்கள். என்.ஐ.ஓ.எஸ். (மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியம்) என்றால் இடையில் ஆள் தேவையில்லை, நீங்களே பதியலாம். வயது 15 ஆகியிருக்க வேண்டும். ஐந்து பாடம் எடுக்க வேண்டும், அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம். பதிவு 5 வருடம் செல்லும். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை. சி.பி.எஸ்.இ. பள்ளியில் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அங்கே 75% வருகை கேட்பார்கள்.

லேப் அண்ணா
நீட் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் கட்டாயம். பதியும்போதே சரிபாருங்கள். பிள்ளைகள் சறுக்குவது செய்முறையில்தான். வீடியோ பார்த்து டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் வேதியியல் சோதனை) வராது. அதற்கான பியூரெட் என்ற அளவுக் குழாயைக் கையில் பிடித்துப் பழக வேண்டும். எழுத்து, செய்முறை இரண்டிலும் தனித்தனியே பாஸ் ஆக வேண்டும். லேப் இருக்கும் மையமாக, பக்கத்திலேயே தேர்ந்தெடுங்கள். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் டி.எம்.ஏ. என்ற, ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போடும் அசைன்மென்ட்டுக்கு 20% எடை. தேதி தவறினால் அந்த மதிப்பெண் போச்சு.

வெண்பலகை
ஏன் ஆன்லைன் என்று அவளிடமே கேட்டீர்களா? வகுப்பில் யாரோ சீண்டுகிறார்கள் என்றால் பள்ளியை மாற்றினால் போதும். டி.சி. வாங்குமுன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள்: காலை 9 முதல் 1 வரை பாடம், போன் வேறு அறையில், நீங்கள் அதட்டக்கூடாது. நான்காம் நாளே அட்டவணை குலைந்தால் பள்ளிதான் சரி.